டிரேடிங் மென்பொருளுக்குக் கொடுத்த பணம் திரும்பி வந்த விதம்

மெட்டாடிரேடர் 5 என்ற வர்த்தக மென்பொருளில் ஓடும் தானியங்கி வர்த்தக நிரல் ஒன்றை, எக்ஸ்பர்ட் அட்வைசர் என்பார்களே அதை, விற்பனையாளரின் தளத்திலேயே நேரடியாக வாங்கினேன். பிறகு அந்தப் பணத்தில் பெரும்பகுதியைத் திரும்பவும் வாங்கினேன். நடுவில் நடந்த இழுபறியை இதே சிக்கலில் மாட்டியிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். விற்பனையாளரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த வியாபாரத்தில் ஒருவருடைய விதிமுறைகளைப் படித்தால் பாதிப் பேருடையதைப் படித்த மாதிரிதான்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மென்பொருள் நஷ்டம் கொடுத்தது என்பதற்காக யாரும் பணத்தைத் திருப்பித் தர மாட்டார்கள். என் கணக்கிலும் அப்போது சிறிய நஷ்டம் இருந்தது. நான் அனுப்பிய எந்தக் கடிதத்திலும் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. காரணம், விற்பனைப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் அந்த நீளமான எச்சரிக்கை. உத்தேச முடிவுகளுக்கும் உண்மையான வர்த்தக முடிவுகளுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கக்கூடும், இதே லாபம் வரும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை என்றெல்லாம் அதில் இருக்கும். அமெரிக்காவில் எதிர்கால ஒப்பந்த வர்த்தகத்தைக் கண்காணிக்கும் சிஎஃப்டிசி அமைப்பு தன் 4.41-ஆம் விதியில் வகுத்த வாசகம் அது. உலகெங்கும் உள்ள விற்பனையாளர்கள், அந்த விதி தங்களைக் கட்டுப்படுத்துகிறதோ இல்லையோ, அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்கிறார்கள். மேலே கொட்டை எழுத்தில் லாப வரைபடம், கீழே இந்த எச்சரிக்கை. "லாபம் வரவில்லை" என்று நீங்கள் எழுதிய மறுநிமிடமே அந்த வாசகம் பதிலாக வந்துவிடும். வங்கியும் அதைத்தான் ஏற்கும்.

என் தகராறு உரிமத்தைப் பற்றியது. நிரலை ஒரு வர்த்தகக் கணக்கு எண்ணோடு பிணைத்துத்தான் கொடுப்பார்கள். அது சார்ட்டில், அதாவது விலை வரைபடத்தில், ஏறும் கணத்தில் கணக்கு எண்ணை விற்பனையாளரின் சர்வருக்கு அனுப்பும். "சரி" என்று பதில் வந்தால் ஓடும், இல்லாவிட்டால் தானே சார்ட்டிலிருந்து இறங்கிவிடும். திருட்டு நகல்கள் மலிந்த இந்தத் துறையில் இப்படி ஒரு பூட்டு இருப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். என் புரோக்கர் வாடிக்கையாளர்களை வேறு சர்வருக்கு மாற்றினார். கணக்கு எண் மாறியது. "கணக்கு எண்ணை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்" என்று விற்பனைப் பக்கம் சொல்லியிருந்தது. உறுப்பினர் பகுதிக்குள் நுழைந்து மாற்றப் பார்த்தால், வரம்பு முடிந்துவிட்டது, இன்னொரு உரிமம் வாங்கவும் என்றது.

இதில் பலர் கவனிக்காத ஆபத்து ஒன்று இருக்கிறது. இந்த நிரலின் பெருமைகளில் ஒன்றாக விளம்பரப்படுத்தப்பட்டது, புரோக்கருக்குத் தெரியாத மறைமுக ஸ்டாப் லாஸ், அதாவது நஷ்டம் ஒரு எல்லையைத் தாண்டாமல் வர்த்தகத்தை மூடும் விலை. ஸ்டாப் விலை புரோக்கரின் சர்வரில் பதிவாகாது; நிரலின் நினைவில்தான் இருக்கும். விலை அங்கே வந்ததும் நிரல் ஆணையை, அதாவது திறந்திருக்கும் வர்த்தகத்தை, மூடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உரிமச் சரிபார்ப்பு தோற்று நிரல் இறங்கிவிட்டால், திறந்திருக்கும் ஆணைக்குக் காவலே இல்லை. நிரல் இடைவிடாமல் ஓட வாடகைக்கு எடுக்கும் விபிஎஸ் என்ற தொலைக்கணினி வாரக்கடைசியில் தானாக மறுதொடக்கம் ஆனாலும் சரி, விற்பனையாளரின் சர்வர் படுத்துவிட்டாலும் சரி, கதை அதேதான். ஆகவே உரிமத் தகராறு தொடங்குகிறது என்று தெரிந்தவுடன், ஒரு மின்னஞ்சல்கூட அனுப்புவதற்கு முன், திறந்திருக்கும் ஆணைகளை மூடுங்கள். அல்லது கைப்பட ஒரு உண்மையான ஸ்டாப் லாஸ் போடுங்கள். கோபத்தில் முதலில் கடிதம் எழுதத்தான் கை போகும். எதிராளி அதற்குப் பதிலாக உரிமத்தை ரத்து செய்துவிட்டால் நடுச்சந்தையில் நிற்பது உங்கள் பணம்.

ஆணைகளை மூடிவிட்டு விற்பனையாளரின் உதவிப் பிரிவில் டிக்கெட், அதாவது புகார், போட்டேன். முதல் பதில் எதிர்பார்த்ததுதான்: "உங்கள் அமைப்பில் எங்கள் இணைய முகவரிக்கு அனுமதி கொடுக்கவில்லை." இது சில சமயம் உண்மையாகவே இருக்கும். மெட்டாடிரேடரில் ஒரு நிரல் வெளி சர்வரோடு பேச வேண்டுமானால், அந்த முகவரியை ஆப்ஷன்ஸ் பெட்டியில் நாமே சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால், அப்படிப் பேசுவதற்கான வெப்ரெக்வெஸ்ட் அழைப்பு 4014 என்ற பிழை எண்ணோடு திரும்பும். நிரல் செய்வதை வரிவரியாக எழுதி வைக்கும் பதிவுக் கோப்பில் எனக்கு 4014 எங்கும் இல்லை. அழைப்பு போயிருக்கிறது, சர்வர் பதிலும் சொல்லியிருக்கிறது, பதில்தான் "மறுக்கப்பட்டது". அந்த வரியை அப்படியே வெட்டி அனுப்பினேன்.

இரண்டாவது பதில் இன்னும் சுவாரசியம். "எங்கள் பக்கம் சோதித்துப் பார்த்தோம், நன்றாகவே வேலை செய்கிறது" என்று சொல்லி, பழைய விலைகளில் நிரலை ஓட்டிப் பார்க்கும் ஸ்ட்ராடஜி டெஸ்டரின் படம் ஒன்றை இணைத்திருந்தார்கள். படத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. டெஸ்டருக்குள் வெப்ரெக்வெஸ்ட் வேலையே செய்யாது; மெட்டாடிரேடரின் அமைப்பே அப்படி. அதனால் உரிமம் சரிபார்க்கும் நிரல்கள் டெஸ்டரில் அந்தப் படியைத் தாண்டிக்கொண்டு போகும்படிதான் எழுதப்படுகின்றன. பூட்டே இல்லாத வாசல் வழியாக நுழைந்து காட்டிவிட்டு, பூட்டு சரியாக இருக்கிறது என்கிறார்கள். இதை இரண்டு வாக்கியங்களில் எழுதி, நேரடிக் கணக்கில் எடுத்த பதிவை அனுப்பச் சொன்னேன். அதன்பிறகு தொழில்நுட்பப் பேச்சு நின்றது. பேரம் தொடங்கியது.

பதிவுக் கோப்பைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முழு வழக்கும் அதன் மேல்தான் நின்றது. ஃபைல் மெனுவில் டேட்டா ஃபோல்டரைத் திறந்தால், எம்க்யூஎல்5 கோப்புறைக்குள் லாக்ஸ் என்று ஒரு கோப்புறை இருக்கும். நாளுக்கு ஒரு கோப்பு, பெயரே தேதிதான். சாதாரண எழுத்துக் கோப்பு, யாரும் திறந்து படிக்கலாம். அதில் இருக்கும் நேரம் உங்கள் கணினியின் நேரம். வர்த்தக வரலாற்றில் இருப்பது புரோக்கர் சர்வரின் நேரம். இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டும்போது வித்தியாசத்தை நீங்களே முதலில் குறிப்பிட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் "நேரமே பொருந்தவில்லை, ஆவணம் நம்பத்தகுந்ததல்ல" என்று ஒரு வாரம் இழுப்பார்கள். கோப்புறையை உடனே வேறு இடத்துக்கு நகலெடுத்து வையுங்கள். விபிஎஸ் சந்தாவை நிறுத்தினால் அதிலிருக்கும் பதிவுகளும் அதோடு போய்விடும்.

பேரத்தில் முதலில் வந்தது இரண்டாவது உரிமத்துக்குத் தள்ளுபடி. அடுத்து, அவர்களுடைய வேறொரு நிரலுக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். மூன்றாவதுதான் தந்திரமானது: உரிமத்தை மீட்டமைத்துத் தருகிறோம், ஆனால் இனி ரீஃபண்ட் கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடுங்கள். வாக்களித்தபடி கொடுக்க வேண்டியதைக் கொடுப்பதற்கு நான் ஏன் விலை தர வேண்டும்? மறுத்தேன்.

அப்போதுதான் ரீஃபண்ட் நிபந்தனைகளை எடுத்து நீட்டினார்கள். 30 நாள் உத்தரவாதம். ஆனால் உண்மைக் கணக்கில், மாற்றம் செய்யாத அமைப்புகளோடு, அவர்கள் பரிந்துரைத்த நாணய ஜோடிகளில் மட்டும் ஓட்டியிருக்க வேண்டும், அதற்கான அறிக்கையும் தர வேண்டும். இப்படிப்பட்ட நிபந்தனைகள் இந்தத் துறையில் சகஜம். உரிமம் இயங்கினால்தான் நிபந்தனையை நிறைவேற்ற முடியும். உரிமத்தை நிறுத்தியது அவர்கள். இந்த முரணை எடுத்துச் சொன்னதும் வாதம் வேறு பக்கம் தாவியது: "இது டிஜிட்டல் பொருள், பதிவிறக்கிய பிறகு பணம் திரும்பாது."

இந்த வாக்கியத்தைக் கண்டு பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். அப்படி ஒரு விதிவிலக்கு சட்டங்களில் இருப்பது உண்மை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை ஆணை, தொலைவிலிருந்து வாங்கும் பொருள்களைக் காரணம் சொல்லாமலே 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லும் உரிமையைத் தருகிறது. டிஜிட்டல் பொருள்களில், பயன்பாட்டை உடனே தொடங்க வாங்குபவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, அதனால் அந்த உரிமை போகும் என்பதையும் ஏற்றிருந்தால், அது போய்விடும். பணம் கட்டும் பக்கத்தில் நாம் சொடுக்கும் அந்தச் சின்னப் பெட்டி அதற்குத்தான். ஆனால் பறிபோவது மனம் மாறித் திருப்பிக் கொடுக்கும் உரிமை மட்டுமே. சொன்னபடி வேலை செய்யாத பொருள் வேறு கணக்கு. அதே ஒன்றியத்தில் 2022 தொடக்கத்திலிருந்து நடைமுறையில் இருக்கும் டிஜிட்டல் உள்ளடக்க ஆணை அதற்கென்றே வந்தது: முதலில் சரிசெய்து தர வேண்டும், முடியாவிட்டால் விலைக் குறைப்பு அல்லது ஒப்பந்தத்தை முறித்தல். பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டமும் சொன்னபடி இல்லாத டிஜிட்டல் பொருளுக்குத் தீர்வு வைத்திருக்கிறது. நீங்கள் இருக்கும் நாட்டில் இந்தச் சட்டங்கள் செல்லாமல் இருக்கலாம். மனம் மாறுவதற்கும் பழுதுக்கும் இடையிலான இந்த வேறுபாட்டைக் கார்டு நிறுவனங்களும் வைத்திருக்கின்றன என்பதுதான் எனக்குக் கைகொடுத்தது.

இதற்கிடையில் விற்பனைப் பக்கம் மாறியிருந்தது. "எப்போது வேண்டுமானாலும்" காணாமல் போய், ஒரு காலக்கெடு முளைத்திருந்தது. வாங்கிய அன்றே அந்தப் பக்கத்தை நான் பிடிஎஃப்பாகச் சேமித்திருந்தேன். ஆனால் நாமே சேமித்ததை எதிர்த்தரப்பு ஜோடித்தது என்று சொல்ல இடமுண்டு. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் தேடியபோது, நான் வாங்கிய தேதிக்கு முந்தைய நகல் ஒன்று கிடைத்தது. மூன்றாம் தரப்பிடம் இருக்கும், தேதி பொறித்த நகல். என் கடிதத்தில் அந்த இணைப்பு முதல் வரியிலேயே இடம்பெற்றது.

பணத்தை யாரிடம் கேட்பது என்பதிலும் ஒரு குழப்பம் இருந்தது. கார்டு அறிக்கையில் இருந்த பெயர் விற்பனையாளருடையது அல்ல. பணம் வசூலிப்பது, வரி கட்டுவது எல்லாவற்றையும் வேறொரு நிறுவனம் கவனித்துக்கொண்டது. சட்டப்படி நமக்கு விற்றவரும் அந்த நிறுவனம்தான். மென்பொருள்காரர் அலட்சியம் செய்தாலும் இவர்கள் அவ்வளவு எளிதாகச் செய்வதில்லை, ஏனென்றால் சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது) எண்ணிக்கை கூடினால் கார்டு நிறுவனங்களிடம் பதில் சொல்ல வேண்டியவர்கள் இவர்களே. ரசீதில் இருந்த ஆர்டர் எண்ணை வைத்து அவர்களுக்கும் எழுதினேன். மென்பொருள்காரரிடம் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். கேட்டும் இருப்பார்கள் போலிருக்கிறது, பேரத்தின் தொனி கொஞ்சம் இறங்கியது. ஆனால் பணம் வரவில்லை.

அதன்பிறகுதான் வங்கிக்குப் போனேன். விசாவிலும் மாஸ்டர்கார்டிலும் பெரும்பாலான தகராறு வகைகளுக்குப் பொதுவாக 120 நாள் அவகாசம். உங்கள் வங்கி அதைவிடக் குறைவாக வைத்திருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். விற்பனையாளர்கள் "மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம்" என்று வாரக்கணக்கில் இழுப்பதில் இந்த அவகாசமும் ஓடிக்கொண்டே இருக்கிறது. கிரிப்டோவிலோ வங்கி மாற்றலாகவோ கட்டியிருந்தால் சார்ஜ்பேக் என்ற வழியே கிடையாது.

வங்கிப் படிவத்தில் வகையைத் தேர்வு செய்யும் இடம்தான் முக்கியம். "நான் செய்யாத பரிவர்த்தனை" என்பதைத் தொடாதீர்கள். அது பொய், பதிவிறக்கச் சான்றை அவர்கள் காட்டியதும் கதை முடிந்துவிடும். நான் தேர்ந்தெடுத்தது "விவரித்தபடி இல்லை அல்லது பழுதுள்ளது". விசாவில் அதன் எண் 13.3. விற்பனையாளரிடம் தீர்த்துக்கொள்ள முயன்றதற்கான சான்றை இந்த வகையில் கேட்பார்கள். டிக்கெட் கடிதங்கள் எல்லாம் தேதியோடு இருந்தன. பொருளைத் திருப்பிக் கொடுக்க முன்வந்ததையும் காட்ட வேண்டும். மென்பொருளை எப்படித் திருப்பிக் கொடுப்பது? "உரிமத்தை ரத்து செய்துகொள்ளுங்கள், கோப்பை அழித்துவிடுகிறேன்" என்று முன்பே எழுதியிருந்தேன். "சார்ஜ்பேக் செய்தால் உரிமம் ரத்து, கணக்கு எண் கறுப்புப் பட்டியலில்" என்று அவர்கள் மிரட்டிய கடிதத்தைக்கூட இணைத்தேன். ஏற்கெனவே இயங்காத உரிமத்தை ரத்து செய்வேன் என்று மிரட்டுபவர்களை என்ன சொல்வது!

எதிர்த்தரப்பின் பதில் எதிர்பார்த்தபடியே வந்தது: பதிவிறக்கிய நேரம், ஐபி முகவரி, விதிமுறைகளை ஏற்றுச் சொடுக்கிய பதிவு. மூன்றும் உண்மை, மூன்றும் நான் மறுக்காதவை. வங்கி என் விளக்கம் கேட்டது. ஒரே பக்கத்தில் எழுதினேன். வேபேக் நகலில் இருந்த வாக்குறுதி, உறுப்பினர் பகுதியில் வந்த மறுப்பின் படம், பதிவுக் கோப்பில் இருந்த வரி. சார்ட், இண்டிகேட்டர், நஷ்டம் என்று எதுவும் இல்லை. வங்கியில் இதைப் படிப்பவருக்கு வர்த்தகம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. சொன்னது ஒன்று, கொடுத்தது வேறு என்று தெரிந்தால் போதும்.

நிரலுக்கான தொகை முழுவதும் வந்தது. அதோடு வாங்கிய செட்டிங்ஸ் கோப்புகளுக்கான ஆண்டுச் சந்தா தனி ரசீதில் இருந்தது. அதை நான் சில மாதங்கள் பதிவிறக்கிப் பயன்படுத்தியும் இருந்தேன். அந்தக் கோப்புகள் சொன்னபடியே வந்துகொண்டிருந்தன. பழுது என்று அதைச் சொல்ல முடியாது. அந்தத் தகராறை வங்கி நிராகரித்தது, நானும் மேல்முறையீடு செய்யவில்லை.

இப்போது வேறு நிரல் எதையாவது பார்த்தால், வாங்குவதற்கு முன் இரண்டு கேள்விகளை மின்னஞ்சலில் கேட்கிறேன்: கணக்கு எண் மாறினால் உரிமத்தை யார், எவ்வளவு நேரத்தில் மாற்றித் தருவீர்கள், சரிபார்ப்பு சர்வர் கிடைக்காவிட்டால் திறந்திருக்கும் ஆணைகளுக்கு என்ன ஆகும். மெட்டாடிரேடர் நிரல்களை விற்கும் எம்க்யூஎல்5 சந்தையில் வாங்குவதானாலும் கேட்கிறேன். அங்கே உரிமம் கணக்கு எண்ணோடு அல்ல, கணினியோடு பிணைக்கப்படுகிறது, இத்தனை முறை ஆக்டிவேட் செய்யலாம் என்ற எண்ணிக்கையும் உண்டு. விண்டோஸை மறுநிறுவல் செய்தால் அதில் ஒன்று கழியும். இலவசச் சோதனைப் பதிப்பு டெஸ்டரில் மட்டும்தான் ஓடும். என் இரண்டாவது கேள்விக்கு இதுவரை தெளிவான பதில் எழுதியவர்கள் மிகக் குறைவு. எழுதாதவர்களிடம் நான் வாங்குவதில்லை.