வெயில் ஊர்ப் பையனும் விமான ஹீட்டரும்

அப்துல்லாபுரம் ரன்வேயை வேடிக்கை பார்த்து வளர்ந்த என் அக்கா பையன், கனடாவுக்கு விமானம் ஓட்டப் படிக்கப் போகிறான், அதுவும் குளிர்காலத்தில். வேலூர் வெயிலில் வெந்தவனுக்கு ஹீட்டர் என்ற சமாச்சாரமே புதுசு. அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன், நம்ம பக்கத்திலிருந்து போகிற மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும்.

சின்ன பிஸ்டன் விமானங்கள் பலவற்றில் சைலன்சரைச் சுற்றி ஒரு தகர உறை இருக்கும், அதற்குள் புகுந்து சூடாகிற வெளிக்காற்றுதான் கேபினுக்குள் வரும், அவ்வளவுதான் ஹீட்டர். சைலன்சரில் மயிரிழை விரிசல் விழுந்தால் போதும், இன்ஜின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவும் கூடவே வந்துவிடும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இதை 200 மடங்குக்கு மேல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், மேலே போகப் போக ஆக்சிஜனும் குறைவதால் பாதிப்பு இன்னும் கூடும்.

முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், தூக்கக் கலக்கம். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை போல என்று விட்டுவிடுவோம், ஏனென்றால் சந்தேகப்பட வேண்டிய மூளைதான் முதலில் மந்தமாகிறது. கொரோனாவில் வீட்டுக்கு வீடு வாங்கினோமே பல்ஸ் ஆக்சிமீட்டர், அதை நம்பவே கூடாது, இந்த வாயு ஏறிய ரத்தத்தையும் அது நல்ல ரத்தமென்றே காட்டும்.

2019 ஜனவரியில் ஆங்கிலக் கால்வாயில் விழுந்த விமானத்தில் பயணியாக இருந்த கால்பந்து வீரர் எமிலியானோ சாலாவின் ரத்தத்தில் 58 சதவீதம் ஹீமோகுளோபினை இந்த வாயுதான் பிடித்திருந்தது. சரி, ஹீட்டர் போடாவிட்டால் தப்பிக்கலாமா? 2017 டிசம்பர் 31, சிட்னி பக்கம், அங்கே அது நல்ல கோடை. 6 பேரோடு ஒரு கடல் விமானம் விழுந்து யாரும் பிழைக்கவில்லை. புகைக்குழாயில் விரிசல், இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தடுப்பில் போல்ட் கழன்ற ஓட்டைகள், வாயு அந்த வழியாக உள்ளே வந்திருக்கிறது.

அதனால் இந்த வாயு வந்தால் எச்சரிக்கிற டிடெக்டர் வாங்கு என்றேன். நிறம் மாறும் அட்டை வகை வேண்டாம், அதை யார் பார்த்துக்கொண்டே இருப்பது? வீட்டுக்கு விற்கிறதும் சரிப்படாது, 70 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 70 பங்கு) இருந்தாலும் ஒரு மணி நேரமாவது பொறுத்துத்தான் கத்தும். எண்ணைக் காட்டி, குறைந்த அளவிலேயே அலறுகிற விமான வகை வேண்டும்.

அலறினால் ஹீட்டரை மூடு, வெளிக்காற்று வென்ட்டை முழுக்கத் திற, ஆக்சிஜன் இருந்தால் மாட்டு, கன்ட்ரோலுக்குச் சொல்லிவிட்டுப் பக்கத்து ஏர்போர்ட்டில் இறங்கு. அப்புறம் நேரே ஆஸ்பத்திரிதான். சாதாரணக் காற்றில் ரத்தத்திலிருந்து இந்த வாயு பாதி வெளியேறவே நாலைந்து மணி நேரம் பிடிக்கும், ஒரு காபி குடித்துவிட்டு மறுபடி ஏறுகிற கதையெல்லாம் வேண்டாம்.