பிராட்ஃபோர்டு நாட்குறிப்பு

அக்டோபர் 14

அக்கா இருக்கும் மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்க்கப் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகுதான் அனுமதி. அதுவரை அறைக்குள் அடைந்து கிடக்க முடியாது என்பதால் நடக்கிறேன். வட இங்கிலாந்தில், கிண்ணத்தின் அடியில் கட்டியதுபோன்ற கம்பளி ஊர் இது. எந்தத் தெருவில் திரும்பினாலும் ஏற்றம்; எந்த ஏற்றத்தில் நின்றாலும் மானிங்ஹாம் ஆலையின் புகைபோக்கி. அதன் உயரம் 249 அடி. பட்டும் வெல்வெட்டும் நெய்ய சாமுவேல் லிஸ்டர் 1873இல் கட்டி முடித்த அந்த ஆலையில் ஒரு காலத்தில் 11,000 பேர் வேலை செய்தார்கள். 1992இல் அது மூடப்பட்டது. இப்போது அதன் ஒரு பகுதியில் அடுக்குமாடி வீடுகள் இருக்கின்றன. எல்லோரும் அதைப் படம் எடுக்கிறார்கள். புகைபோக்கியை அழகென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அக்டோபர் 15

அக்கா இரவு முழுவதும் இருமினாளாம். மழை. எங்கும் போகவில்லை.

அக்டோபர் 17

நகர மன்றக் கட்டடத்தின் முகப்பில் இங்கிலாந்தை ஆண்ட 35 பேரின் சிலைகள் வரிசையாக நிற்கின்றன. முடிமன்னர்களுக்கு நடுவே, ஒரு மன்னரின் தலையை வாங்கிய கிராம்வெல்லும் இருக்கிறார். கோபுரம் ஃபிளாரன்ஸ் நகரத்து அரண்மனைக் கோபுரத்தைப் பார்த்துக் கட்டியது. லாக்வுட், மாசன் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள்தான் இதையும், சற்றுத் தள்ளியிருக்கும் கம்பளிச் சந்தையையும், சால்டேர் ஊரையும் கட்டியவர்கள்.

கம்பளிச் சந்தையின் கதை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதை எந்தப் பாணியில் கட்டலாம் என்று 1864இல் கலை விமர்சகர் ஜான் ரஸ்கினை அழைத்துக் கேட்டார்கள். அவரோ, உங்கள் சந்தையைப் பற்றி எனக்கு அக்கறையே இல்லை என்று மேடையில் நின்று வணிகர்களின் முகத்துக்கு நேரே சொல்லி, நீங்கள் உண்மையில் வணங்குவது முன்னேற்றம் என்னும் தேவதையைத்தான், அவளுக்கே கோயில் கட்டிக்கொள்ளுங்கள் என்ற பொருளில் பேசிவிட்டுப் போனார். அவர்கள் அசரவில்லை. 1867இல் கட்டி முடித்தார்கள். கூரிய வளைவுகளுக்குக் கீழே இன்று புத்தகக் கடை நடக்கிறது. ஒன்றரை மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன். யாரும் எழுந்து போகச் சொல்லவில்லை.

அக்டோபர் 18

இரவில் கண்டதையும் படிக்காதே என்று அத்தான் சொல்லியும் படித்தேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெருவின் அல்பாகா என்னும் ஒட்டக இன விலங்கின் மயிரும், மொகேர் எனப்படும் துருக்கியின் அங்கோரா ஆட்டு மயிரும் மூட்டை மூட்டையாக இந்த ஊருக்கு வந்து இறங்கின. மூட்டையை அவிழ்த்து, இழையின் நீளமும் மென்மையும் பார்த்துக் கையால் ரகம் பிரிப்பது தேர்ந்தவர்கள் செய்யும் வேலை. அப்படிப் பிரித்துக்கொண்டிருந்தவர் மார்பு கனக்கிறது என்று வீடு திரும்புவார். சில நாட்களுக்குள் இறந்துபோவார். கம்பளி பிரிப்போர் நோய் என்று அதற்குப் பெயர். இந்நகர மருத்துவர் ஜான் ஹென்றி பெல், 1880ஆம் ஆண்டை ஒட்டி, இது ஆந்த்ராக்ஸ்தான் என்று நிறுவினார். நம் ஊரில் மாடுகளுக்கு வரும் அடைப்பான் நோயே, நோயில் செத்த ஆட்டின் மயிரில் ஒளிந்து, தூசியோடு மூச்சில் ஏறி மனிதரின் நுரையீரலுக்குள் போய்விடுகிறது. காரணம் தெரிந்த பின்னும் சாவு நிற்கவில்லை. 1905இல் இதை ஆராயவே ஒரு வாரியம் அமைத்து, ஃபிரெடரிக் யூரிச் என்ற நுண்ணுயிரியலாளரை அமர்த்தினார்கள். ரத்தம் உறைந்து ஒட்டிய மயிரில்தான் ஆபத்து மிகுதி என்று கண்டறிந்து, மயிரைக் கெடுக்காமல் ஃபார்மால்டிஹைடால் கிருமியைக் கொல்லும் வழியை வகுக்கவும் உதவியவர் அவர்தான். அதன் பிறகே 1919இல் தடுப்புச் சட்டம் வந்தது.

பெல்லுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள். காரணம் தெரிந்தால் போதும், பாதி குணமாகிவிடும் என்று அக்காவிடம் நேற்றுத்தான் சொன்னேன். அவளுக்கு ஆந்த்ராக்ஸ் இல்லை, அவள் வாழ்நாளில் கம்பளி மூட்டையைத் தொட்டதில்லை, எல்லாம் எனக்குத் தெரியும். இருந்தாலும் அவளுடைய நுரையீரல் படத்தில் வெள்ளையாகத் தெரிந்த அந்த இடத்தை நினைக்கும்போதெல்லாம், மூட்டையை அவிழ்க்கும் கைகளும் எழும்பும் தூசியும் நினைவுக்கு வருகின்றன.

அக்டோபர் 20

சோதனை முடிவு இன்னும் வரவில்லை.

அக்டோபர் 22

அக்கா இன்று நன்றாகச் சாப்பிட்டாள். அந்தத் தெம்பில் ரயிலேறிச் சால்டேர் போனேன். 1801இல் சுமார் 13,000 பேர் வாழ்ந்த பிராட்ஃபோர்டில் 1851க்குள் லட்சத்துக்கும் மேற்பட்டோர் குவிந்தார்கள். டைட்டஸ் சால்ட் மேயராக இருந்த 1849இல் காலரா வந்தது. அல்பாகாவால் செல்வம் சேர்த்த அவர், புகையிலிருந்து விலகி ஏர் ஆற்றங்கரையில் ஆலையைக் கட்டி, 1853இல் தம் ஐம்பதாம் பிறந்தநாளன்று அதைத் திறந்தார். சுற்றிலும் தொழிலாளர்களுக்கு வீடுகள், மருத்துவமனை, பள்ளி, தேவாலயம், பூங்கா. மதுக்கடை மட்டும் கிடையாது. தெருக்களுக்குத் தம் பிள்ளைகளின் பெயர்கள். முதலாளியின் வீட்டுப் பெயர்களைச் சொல்லித் தன் முகவரியைச் சொல்வது ஒரு நெசவாளிக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தேன். ஆனால் காற்று நன்றாக இருந்தது, மூச்சு எளிதாக வந்தது, அவரைக் குறைசொல்லத் தோன்றவில்லை. ஆலைக்குள் இப்போது இந்நகரில் பிறந்த டேவிட் ஹாக்னியின் ஓவியங்கள் தொங்குகின்றன. 2001இல் யுனெஸ்கோ இவ்வூரை உலக மரபிடமாக அறிவித்தது.

அக்டோபர் 23

முடிவு தெளிவாக இல்லையாம், மறுபடியும் எடுக்க வேண்டுமாம். எதிலும் பிடிப்பில்லை. 1858இல் இந்த ஊரின் மிட்டாயில் ஆர்செனிக் கலந்து இருபது பேர் செத்ததைப் படித்தேன். சர்க்கரையை மிச்சம் பிடிக்கச் சேர்க்கும் வெள்ளைத் தூளுக்குப் பதிலாக நஞ்சை நிறுத்துக் கொடுத்துவிட்டார்கள். யாருக்கும் தண்டனை இல்லை.

அக்டோபர் 26

அண்டர்கிளிஃப் இடுகாட்டுக்குப் போனேன்; அம்மாவுக்குத் தெரிந்தால் திட்டுவாள். 1854இல் திறந்த இந்த மேட்டில் கம்பளிச் சீமான்கள் படுத்திருக்கிறார்கள். ஒருவருக்கு வாசலில் ஸ்ஃபிங்ஸ் சிலைகளோடு எகிப்தியக் கோயிலே எழுப்பியிருக்கிறார்கள். மயிர் பிரித்தவர்களின் பெயர்களைத் தேடினேன். கிடைக்கவில்லை.

அக்டோபர் 28

பக்கத்துக் கட்டில் பெரியவர் பாகிஸ்தான் பக்கத்துக் காஷ்மீரின் மிர்ப்பூரிலிருந்து வந்தவர். அறுபதுகளில் உள்ளூர்க்காரர்கள் விரும்பாத இரவு முறைகளில் கம்பளி சீவும் எந்திரங்களோடு கழித்திருக்கிறார். ஆலையின் பேச்சை எடுத்ததும் சிரித்தார், உடனே இருமல் வந்துவிட்டது. அதற்குமேல் நான் கேட்கவில்லை.

அக்டோபர் 30

லிஸ்டர் பூங்காவில் கார்ட்ரைட் ஹால் கலைக்கூடத்தைப் பார்த்தேன். விசைத்தறியையும் கம்பளி சீவும் எந்திரத்தையும் கண்டுபிடித்த எட்மண்ட் கார்ட்ரைட்டின் பெயரால், லிஸ்டர் கொடுத்த பணத்தில் 1904இல் திறந்தது. 1890 டிசம்பரில் கூலியைக் குறைத்து, மறு ஏப்ரல் வரை தொழிலாளர்களை, பெரும்பாலும் பெண்களை, வேலைநிறுத்தத்தில் நிற்கவைத்தவரும் இதே லிஸ்டர்தான். அவர்கள் தோற்றார்கள், ஆனால் 1893 ஜனவரியில் சுதந்திரத் தொழிலாளர் கட்சி இந்த ஊரில் பிறந்தது. கலைக்கூடத்தின் ஓவியங்களைவிட அந்தக் கட்சியே பெரிய கொடை என்பது என் எண்ணம்.

நாளை பிங்லி போவதாக இருந்தேன். அங்குள்ள கால்வாயில் 1774இல் கட்டிய ஐந்தடுக்கு மதகுகள் இன்றும் படகுகளை 59 அடி மேலேற்றுகின்றன. அது நடக்காது. ஒன்பதரை மணிக்கு நிபுணர் எங்கள் இருவரையும் வரச் சொல்லியிருக்கிறார், அத்தான் வண்டியோடு வருகிறார்.