அப்புச்சியின் ஒற்றைச் சிறகு

அம்மாவின் அப்பா, எங்கள் அப்புச்சி, ஏர்ஃபோர்ஸில் இருந்தவர். அவருடைய தகரப் பெட்டியில் ஒரு துணி பேட்ஜ் கிடந்தது. கறுப்புத் துணியில் இலை வளையம், அதற்குள் ஆங்கில 'எஸ்', பக்கத்தில் ஒரே ஒரு சிறகு. இன்னொரு சிறகு கிழிந்துவிட்டது, எஸ் என்றால் கோவை பக்கத்துச் சூலூர் விமானத்தளம் என்று மூன்று தலைமுறையாக நம்பிக்கொண்டிருந்தோம். பல்லடம் பக்கத்துக்காரர்களுக்கு ஏர்ஃபோர்ஸ் என்றால் சூலூர்தானே.

போன வருடம் அதைச் சட்டம் போட நினைத்தபோது, சூலூரில் ஓய்வுபெற்ற வாரண்ட் ஆபீசர் ஒருவரிடம் காட்டினேன். "இது கிழியலீங் தம்பி. ரெண்டு சிறகு பைலட்டுக்குத்தானுங்க. கூடப் பறக்கிறவங்களுக்கு ஒண்ணுதான்" என்றார். எஸ் என்பது சிக்னலர், அதாவது விமானத்தில் ரேடியோவைப் பார்த்துக்கொள்பவர்.

இந்த எழுத்துகள் எல்லாம் பிரிட்டிஷ் விமானப்படையிலிருந்து வந்தவை. முதல் உலகப்போரில் பைலட்டோடு போய் நோட்டம் பார்க்கும் அப்சர்வருக்கு 'ஓ', 1939 கடைசியில் துப்பாக்கிக்காரருக்கு 'ஏஜி'. 1942இல் ஓ போய், வழி பார்த்துச் சொல்லும் நேவிகேட்டருக்கு 'என்' வந்தது, இன்ஜினியருக்கு 'இ' வந்தது. எஸ் 1944இல்தான். பைலட்டே பேசிக்கொள்ளும்படி ரேடியோ தேறியதும் சிக்னலர் இருக்கையே இல்லாமல் போனது.

சரி, எந்த வருடத்து பேட்ஜ்? பைலட் பேட்ஜ் என்றால் கிரீடம் இருக்கிறதா, அசோகச் சிங்கமா என்று பார்த்தே சொல்லிவிடலாம். ஒற்றைச் சிறகில் அதெல்லாம் கிடையாது. அதே பெட்டியில் இருந்த பித்தளைத் தொப்பி பேட்ஜ்தான் உதவியது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அம்மா அதைப் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கிரீடத்தின் முனையே மழுங்கியிருந்தது. நல்லவேளையாக, கீழே 'ஆர்ஐஏஎஃப்', அதாவது ராயல் இந்தியன் ஏர்ஃபோர்ஸ், தெரிந்தது. இந்திய விமானப்படைக்கு 'ராயல்' பட்டம் 1945 மார்ச்சில் வந்து, 1950 ஜனவரி 26இல் போனது. ஐந்து வருடத்துக்குள் வந்துவிட்டோம்.

போலிகள் நிறைய உலவுவதால் துணியையும் சோதித்தேன். திருப்பூரில் சாயப்பட்டறை வைத்திருக்கும் நண்பன், கலர் மேட்சிங் பெட்டிக்குள் அதை வைத்துப் புற ஊதா விளக்கைப் போட்டான். புது நூலில் வெண்மை கூட்டும் ரசாயனம் இருந்தால் நீலமாகப் பளிச்சென்று எரியும். இது மங்கலாகவே கிடந்தது. பழைய நூலாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

கஷ்டம் ஆவணத்தில்தான். பென்ஷன் வாங்கும் அளவுக்கு அப்புச்சி சர்வீஸ் போடவில்லை, அதனால் பிபிஓ எனும் பென்ஷன் ஆணை கிடையாது. டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டது. ஓர் அலுவலகத்தில் மூன்று முறை விண்ணப்பம் கொடுத்தேன். சர்வீஸ் நம்பர் இல்லை என்று மூன்று முறையும் திருப்பிவிட்டார்கள். கோபம்தான் வந்தது. ஆனால் நம்பர் இல்லாமல் யாராலும் தேட முடியாது என்பதும் உண்மை.

அந்த நம்பர் கிடைத்த இடம்தான் வேடிக்கை. காவி, வெள்ளை, பச்சை ரிப்பனில் தொங்கும் 1947 சுதந்திரப் பதக்கத்தை வெள்ளி என்று நினைத்து அம்மா விபூதி போட்டுத் துடைப்பாள். பதக்கத்தின் விளிம்பில் பொடி எழுத்தில் பெயர், பதவி, நம்பர் குத்தியிருக்கும். வருடக்கணக்கில் விபூதி அந்தப் பள்ளங்களில் அடைந்து, வெள்ளை மையில் எழுதியதுபோல நின்றது! புளியால் போனதை விபூதி மீட்டது.

அந்த நம்பரோடு இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் நகல் வைத்து, டெல்லி சுப்ரதோ பார்க்கில் இருக்கும் ஏர்ஃபோர்ஸ் ரெக்கார்டு ஆபீசுக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். மாதங்கள் கழித்து ஒரு தாள் வந்தது. சிக்னலர், ஐந்தாவது ஸ்குவாட்ரன், அதாவது விமானப் பிரிவு. அது லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களின் ஸ்குவாட்ரன். பிரிட்டிஷார் கான்பூரில் உடைத்துப் போட்டுவிட்டுப் போன விமானங்களை பெங்களூர் விமானத் தொழிற்சாலையான எச்ஏஎல் சரிசெய்து, 1948 நவம்பரிலிருந்து ஓட்டினார்கள். எங்களுக்கோ அவர் மில்லில் கணக்கு எழுதியது மட்டும்தான் தெரியும்.

தாளை அம்மாவின் அம்மா, எங்கள் அம்மிச்சிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப அது சூலூரு இல்லையா கண்ணு?" என்றார்.