லைசென்ஸ் புதுப்பிக்கப் போன இடத்தில் தெரியவந்த பிடிவாரண்ட்

எங்கள் குடும்பத்தில் யாரும் கோர்ட் படி ஏறியதில்லை என்று அப்பா அடிக்கடி சொல்வார். டெக்சாஸ் வந்த மூன்றாவது வருடம் என் பேரில் ஒரு பிடிவாரண்ட் இருந்தது. ஐந்து மாதமாக இருந்தது. அது தெரியாமல் நான் தினமும் ஆபீசுக்குக் கார் ஓட்டினேன், மகளை டேகேரில் விட்டுக் கூட்டிவந்தேன், பொங்கலை ஒட்டி வந்த மார்ட்டின் லூதர் கிங் லீவில் டல்லாஸ் பக்கமிருந்து பியர்லேண்ட் மீனாட்சி கோயில் வரைக்கும் ஓட்டிப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தேன். வழியில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தி லைசென்ஸ் நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்திருந்தால், பின் சீட்டில் குழந்தை பார்த்துக்கொண்டிருக்க எனக்கு விலங்கு மாட்டியிருக்கலாம். இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

தெரியவந்தது லைசென்ஸ் ஆபீசில். நம் மாதிரி ஹெச்1பி வேலை விசா ஆட்களுக்கு டெக்சாஸில் 'லிமிடெட் டெர்ம்' லைசென்ஸ்தான், இங்கே தங்க அனுமதி முடியும் தேதியோடு அதுவும் முடிந்துவிடும். விசா நீட்டிப்பு வந்ததும் பேப்பர்களைத் தூக்கிக்கொண்டு போனேன். கவுன்டரில் இருந்த அம்மா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். "ஒரு கோர்ட் உங்கள் லைசென்ஸைப் புதுப்பிக்காமல் நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறது, அதை முடித்துவிட்டு வாருங்கள்" என்று ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார். வாரண்ட் என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. அது வீட்டுக்கு வந்து நானே தேடிப் பார்த்தபோது தெரிந்தது.

மூலகாரணம் ஒரு ஸ்பீடிங் டிக்கெட். 40 மைல் ரோட்டில் 52. அந்தப் போலீஸ்காரர் ரொம்ப மரியாதையாகப் பேசினார், கையெழுத்துப் போடச் சொன்னார், "இது குற்றத்தை ஒத்துக்கொள்வது இல்லை" என்றும் சொன்னார். சொன்னது சரிதான், ஆனால் அந்தக் கையெழுத்துக்கு இன்னொரு அர்த்தம் இருக்கிறது: குறிப்பிட்ட தேதிக்குள் கோர்ட்டில் ஆஜராவேன் என்று எழுதிக் கொடுக்கும் வாக்குறுதி அது. எனக்கு அது உறைக்கவில்லை. டிக்கெட்டில் அபராதத் தொகையே போட்டிருக்கவில்லை, அதனால் எவ்வளவு என்று தபாலில் வரும், வந்ததும் கட்டலாம் என்று நினைத்தேன். நம் ஊரில் இ-சலான் போட்டால் அது பாட்டுக்கு ஆன்லைனில் கிடக்கும், வண்டியை விற்கும்போதுதான் பலர் திரும்பிப் பார்ப்பார்கள், அந்தப் பழக்கம்தான். டெக்சாஸில் டிராஃபிக் டிக்கெட் என்பது 'கிளாஸ் சி மிஸ்டிமீனர்' என்ற கிரிமினல் வழக்கு. அபராதம் மட்டும்தான், சிறைத் தண்டனை கிடையாது, ஆனால் கிரிமினல்தான்.

அதே மாதம் வீடு மாறினோம். பத்து நாளுக்குள் இமிக்ரேஷனுக்கு முகவரி மாற்றம் சொல்லும் ஏஆர்-11 படிவம் போட்டுவிட்டேன், அதில் நான் கண்ணும் கருத்துமாக இருந்தேன். லைசென்ஸ் முகவரியை முப்பது நாளுக்குள் மாற்ற வேண்டும் என்பதை விட்டுவிட்டேன். கோர்ட்டுக்கு என்னைப் பற்றித் தெரிந்ததெல்லாம் லைசென்ஸில் இருந்த பழைய முகவரிதான். ஆஜராகாதவருக்கு வாரண்ட் போடுவதற்கு முன்பு தபாலிலோ போனிலோ மறுபடி ஒரு தேதி கொடுத்துத் தெரிவிக்க வேண்டும் என்று 2017ல் டெக்சாஸ் சட்டத்தில் சேர்த்தார்கள். எனக்கும் அந்தக் கடிதம் போயிருக்கிறது, நாங்கள் காலி செய்த அபார்ட்மென்டுக்கு.

சரி, தேடிய கதைக்கு வருகிறேன், நம் ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடமே அதுதான். முதலில் எந்த கோர்ட் என்று தெரிய வேண்டும். நகரப் போலீஸ் கொடுத்த டிக்கெட் அந்த நகரத்தின் முனிசிபல் கோர்ட்டுக்குப் போகும். ஹைவேயில் மாநிலப் போலீஸான ட்ரூப்பரோ கவுன்டி போலீஸான ஷெரிஃப் ஆட்களோ கொடுத்தால் அந்தக் கவுன்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) உள்ள ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் என்ற சின்ன வழக்கு கோர்ட்டுக்கு, அதிலும் எந்தப் பிரிசிங்க்ட், அதாவது கவுன்டிக்குள் எந்தப் பகுதி, என்று பார்க்க வேண்டும். டல்லாஸ் பக்கம் ஒரே ஊர் இரண்டு மூன்று கவுன்டியில் பரவிக் கிடக்கிறது, ஃபிரிஸ்கோவே பாதி காலின், பாதி டென்டன். கவுன்டி தளத்தில் தேடிவிட்டு 'ஒன்றும் இல்லை' என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது, முனிசிபல் கோர்ட் வழக்குகள் பெரும்பாலும் அங்கே வராது. லைசென்ஸைப் புதுப்பிக்க விடாமல் தடுக்கும் 'ஹோல்ட்' இருந்தால் டெக்சாஸ் ஃபெயிலியர் டு அப்பியர் என்றே ஒரு தளம் இருக்கிறது, லைசென்ஸ் நம்பரும் பிறந்த தேதியும் போட்டால் எந்த கோர்ட், எந்த வழக்கு என்று காட்டிவிடும். துண்டுச் சீட்டில் இருந்தது அந்தத் தளம்தான்.

அதில் கோர்ட் பேர் கிடைத்தது. அந்த கோர்ட்டின் தளத்தில் என் பேரைப் போட்டேன், எதுவும் வரவில்லை. அப்பா பேரை லாஸ்ட் நேம் என்று போட்டேன், வரவில்லை. பிறந்த தேதியை மாதம் முன்னால் வருகிற மாதிரி மாற்றிப் போட்டும் வரவில்லை. என் பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி, விசாவில் முழுப் பேரும் சர்நேமுக்குப் போய் முதல் பேர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ (முதல் பேர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அடித்திருக்கிறார்கள், லைசென்ஸிலும் அப்படியே ஏறிவிட்டது. போலீஸ்காரர் லைசென்ஸை ஸ்கேன் செய்ததால் கோர்ட் ரெக்கார்டிலும் அதேதான். கடைசியில் முதல் பேர் எஃப்என்யூ, லாஸ்ட் நேம் இடத்தில் என் பேரும் அப்பா பேரும் சேர்த்து என்று போட்டதும் இரண்டு வரி வந்தது. ஒன்று ஸ்பீடிங், இன்னொன்று ஆஜராகாத குற்றம், அது தனி வழக்கு. இரண்டுக்கும் நேராக 'வாரண்ட்' என்று சிவப்பில் இருந்தது. பக்கத்தில் இருந்த மனைவி ஒன்றும் பேசவில்லை, கார் சாவியை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டாள்.

அன்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. மனதில் ஓடியதெல்லாம் விசாவுக்கு விண்ணப்பிக்கும் டிஎஸ்-160 படிவம்தான், கைதானது உண்டா என்று கேட்கும் அந்தக் கேள்வி. டிக்கெட் வாங்குவது கைது இல்லை, ஆனால் வாரண்டில் பிடித்தால் அது கைதுதான், பின்னால் எத்தனை முறை விசா ஸ்டாம்பிங் போனாலும் சொல்ல வேண்டியிருக்கும். சின்ன விஷயத்துக்கு யார் பிடிக்கப் போகிறார்கள் என்று இருக்கவும் முடியாது. இதே டெக்சாஸில், லாகோ விஸ்டா என்ற ஊரில், 1997ல் சீட் பெல்ட் போடாததற்காக, குழந்தைகளோடு வண்டியில் போய்க்கொண்டிருந்த கெயில் அட்வாட்டர் என்ற அம்மாவை விலங்கிட்டுக் கொண்டுபோனார்கள். அந்தக் குற்றத்துக்கு அதிகபட்ச அபராதமே 50 டாலர். 2001ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், போலீஸ் செய்தது அரசியல் சட்டப்படி செல்லும் என்று சொல்லிவிட்டது. அவருக்காவது வாரண்ட் எதுவும் இல்லை, எனக்கு இரண்டு இருந்தது.

காலையில் இர்விங்கில் இருக்கும் மதுரைக்கார அண்ணனைக் கூப்பிட்டேன். இருபது வருடமாக இங்கே இருப்பவர். "தம்பி, ஆன்லைன்ல காசைக் கட்டி முடிச்சிடாதீங்க, கட்டினா குத்தத்தை ஒத்துக்கிட்டதா ஆயிடும். நேரா போங்க, நானே வண்டியில கூட்டிட்டுப் போறேன்" என்றார். நேரே போனால் அங்கேயே பிடித்து உட்கார வைத்துவிடுவார்களே என்ற பயம்தான் எனக்கு. ஆனால் பிடிபடுவதற்கு முன் தானாகவே வந்து, நேர்மையாகத் தீர்க்க முயல்பவருக்கு ஆஜராகாததற்காகப் போட்ட வாரண்டை நீதிபதி திரும்பப் பெற வேண்டும் என்பதும் 2017ல் வந்த சட்டம்தான். அண்ணனுக்குச் சட்ட விவரம் தெரியாது, போனவர்கள் எல்லோரும் வீடு திரும்பியது தெரியும். கோர்ட்டுக்கு முதலில் போன் செய்து, வக்கீல் இல்லாமல் வருபவர்களை நீதிபதி எந்த நாள் பார்க்கிறார் என்று கேட்டுக்கொண்டேன். போன் எடுத்தவர் சாதாரணமாக, பல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் கொடுக்கிற மாதிரி, வியாழன் எட்டரை என்றார்.

வியாழக்கிழமை எட்டு மணிக்கே போய்விட்டோம். நீளமான மர பெஞ்சுகள், முப்பது பேர் இருந்திருப்போம், பெயின்ட் கறை படிந்த பூட்ஸோடு ஒருவர், கைக்குழந்தையோடு ஒரு பெண், என்னைப் போல ஆபீஸ் பேட்ஜை சட்டைப் பைக்குள் செருகியிருந்த இருவர். கோர்ட் காவலரான பெய்லிஃப் போனை அணைக்கச் சொன்னார். நீதிபதி முதலிலேயே எல்லோருக்கும் பொதுவாக ஒன்று சொன்னார்: கட்ட வசதி இல்லை என்றால் சொல்லுங்கள், தவணையோ சமூக சேவையோ தரலாம், பணம் இல்லாததற்காக யாரையும் உள்ளே வைக்க மாட்டோம். இதற்குப் பின்னால் 1971ல் வந்த டேட் எதிர் ஷார்ட் தீர்ப்பு இருக்கிறது. ஹூஸ்டனில் டிராஃபிக் அபராதம் 425 டாலர் கட்ட முடியாத ஒரு ஏழையைச் சிறையில் வைத்தது தவறு என்று உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கு அது.

என் முறை வந்ததும் பழைய வீட்டுக் குத்தகை, புது வீட்டுக் குத்தகை, ஏஆர்-11 ரசீது மூன்றையும் நீட்டினேன். கை நடுங்கியது, பேப்பர் படபடவென்று சத்தம் போட்டது எனக்கே கேட்டது. அவர் தேதிகளைப் பார்த்தார், பக்கத்தில் இருந்த அரசு வக்கீலிடம் இரண்டு வார்த்தை பேசினார். ஆஜராகாத வழக்கு தள்ளுபடி. வாரண்ட் இரண்டும் வாபஸ். ஸ்பீடிங்குக்கு 'டிஃபர்டு டிஸ்போசிஷன்', அதாவது நான் நோ கான்டெஸ்ட் (குற்றத்தை ஒத்துக்கொள்ளவும் இல்லை, எதிர்த்து வாதாடவும் இல்லை) என்று சொல்லிக் கட்டணத்தைக் கட்ட வேண்டும், 90 நாள் வேறு டிக்கெட் வாங்காமல் இருந்தால் அதுவும் தள்ளுபடி. ஆறு நிமிடம்கூட ஆகவில்லை. ஐந்து மாதமாகத் தலைமேல் தொங்கியது ஆறு நிமிடத்தில் போனது. வெளியே வந்து அண்ணன் தோளில் கை வைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இமிக்ரேஷன் சட்டத்தில் 'தள்ளுபடி' என்பதற்கு நாம் நினைக்கும் அர்த்தம் இல்லை. குற்றத்தை ஒத்துக்கொண்டோ நோ கான்டெஸ்ட் சொல்லியோ ஏதாவது தண்டனை ஏற்றுக்கொண்டால், கோர்ட் பிறகு தள்ளுபடி செய்தாலும் அங்கே அது தண்டனை பெற்றதாகவே கணக்கில் வரலாம். ஸ்பீடிங்குக்கு அது பெரிய பாதிப்பில்லை. ஆனால் கடையில் செல்ஃப் செக்கவுட்டில் ஒரு சாமானை ஸ்கேன் செய்யாமல் வந்து மாட்டினால், நூறு டாலருக்குக் கீழே என்றால் அதுவும் கிளாஸ் சிதான், அதே மாதிரி டிக்கெட்தான், அதே முனிசிபல் கோர்ட்தான். அது திருட்டு வழக்கு, விசாவையே தொடும். அப்படி ஏதாவது என்றால் நீதிபதி முன் வாயைத் திறப்பதற்கு முன்னால் இமிக்ரேஷன் வக்கீலிடம் பேசிவிடுங்கள், அந்தச் செலவைப் பார்க்காதீர்கள்.

அப்புறம் கிளார்க் கவுன்டரில் வழக்கு என்ன ஆனது என்று காட்டும், முத்திரை போட்ட டிஸ்போசிஷன் நகல் கேட்டேன். அதில் எஃப்என்யூ என்றுதான் பேர் இருந்தது, பாஸ்போர்ட், விசா, லைசென்ஸ் நகல்களைச் சேர்த்து அந்த ஃபைலில் வைத்திருக்கிறேன். லைசென்ஸ் ஹோல்டை எடுக்க தனியாகப் பத்து டாலர். சில நாள் கழித்து அதே தளத்தில் பார்த்தேன், ஹோல்ட் போயிருந்தது.

இந்த அலைச்சலுக்கு நடுவில் எனக்கு ஒரு போன் வந்தது, "ஷெரிஃப் ஆபீசிலிருந்து பேசுகிறேன், வாரண்ட் இருக்கிறது, கிஃப்ட் கார்டு வாங்கி நம்பரைச் சொல்" என்று. நிஜமாகவே வாரண்ட் இருந்த நேரம், நெஞ்சு ஒரு நொடி நின்றுவிட்டது. எந்தக் கோர்ட்டும் கிஃப்ட் கார்டில் பணம் வாங்காது. போனை வைத்துவிட்டு கோர்ட்டின் நம்பரை நீங்களே தேடி எடுத்துக் கூப்பிடுங்கள்.

போன வாரம் அண்ணனின் அக்கா மகன் பேசினான், மாஸ்டர்ஸ் படிக்கிற பையன். ஆஸ்டின் போகிற வழியில் ஐ-35ல் ட்ரூப்பர் கொடுத்த டிக்கெட்டை மறந்தே போயிருக்கிறான். 2025 ஏப்ரலில் வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுப் பதிவேடான செவிஸில் பலருடைய பதிவுகளைக் கொத்தாக ரத்து செய்தபோது, முடிந்துபோன சின்ன வழக்கு வைத்திருந்தவர்களும் அதில் இருந்தார்கள், அதைப் படித்ததிலிருந்து பயந்து யாரிடமும் சொல்லவில்லையாம். இரண்டு பேரும் போனில் இருந்தபடியே தேடினோம். ஜஸ்டிஸ் கோர்ட் பிரிசிங்க்ட் மூன்று, அவன் பேரும் எஃப்என்யூ. வாரண்ட் இன்னும் போடவில்லை, கடிதம் அனுப்பியிருக்கிறார்கள், ஆஜராக இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை லீவு போட்டிருக்கிறேன், காரை நான்தான் ஓட்டுகிறேன்.