சேற்றுழவில் சூடேறும் வண்டி

செப்டம்பர் 8
திருத்துறைப்பூண்டி பக்கம் டிராக்டரில் சம்பாவுக்குச் சேறடிக்கிறோம். ரோட்டவேட்டரை (சேற்றைக் கலக்கும் சுழல் கலப்பை) இறக்கிக் கொஞ்ச நேரம் ஓட்டினாலே வெப்ப முள் சிவப்பைத் தொடுகிறது. ரோட்டில் டிரெய்லர் இழுத்தால் ஒன்றுமில்லை. முள் ஏறியதும் டிரைவர் தம்பி சாவியை அணைக்கப் போனார். தடுத்தேன். ரோட்டவேட்டரைத் தூக்கி, அதைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டை நிறுத்தி, எஞ்சினை ஐடிலில் (சுமையில்லாத மெதுவோட்டத்தில்) விட்டால் தண்ணீர் சுற்றிச் சுற்றிச் சூடு தானாக இறங்கும். பட்டென்று அணைத்தால் தண்ணீர் பம்ப் நின்று, எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைச் சுற்றி நிற்கும் தண்ணீர் அங்கேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடியை யாரும் தொடவில்லை. சூட்டோடு திறந்தால் கொதிநீர் முகத்தில்தான் பீய்ச்சும்.

செப்டம்பர் 9
காலையில் முன் கிரில்லைக் கழற்றினோம். குறுவை வைக்கோலைப் பேலரில் கட்டிய தூசியும் பதரும் ரேடியேட்டர் முகத்தில் அப்பிக் கிடந்தன. ஃபேன் பக்கமிருந்து முன்னோக்கிக் காற்றடித்தோம். முன்னாலிருந்து அடித்தால் குப்பை இன்னும் உள்ளேதான் போய் அடையும். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது, ரேடியேட்டரின் மெல்லிய ஃபின் தகடுகள் மடங்கிவிடும். ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்க வேண்டும். எங்களுடையது இரண்டு விரல் தடிமனுக்கு இறங்கியது. ஆல்டர்னேட்டரை நகர்த்தி இறுக்கியாயிற்று.

செப்டம்பர் 10
பரவாயில்லை, ஆனால் மத்தியானத்தில் மறுபடி ஏறுகிறது. வந்த மெக்கானிக் பார்த்த மாத்திரத்தில், "ஹெட் கேஸ்கட் போச்சுண்ணே, இறக்கிடலாம்" என்றார். ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடுதான் கேஸ்கட். இறக்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை இருக்கின்றனவே. எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தோம். கேஸ்கட் போயிருந்தால் நீர்க்குமிழி தொடர்ந்து வரும்; அப்படி வரவில்லை. டிப்ஸ்டிக்கில் எண்ணெய் பால் கலந்த டீ மாதிரி மாறவில்லை. அப்புறம் எதற்கு ஹெட்டை இறக்குவது?

சூடேறியதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, பாத்திரத்து நீரில் நூலில் தொங்கவிட்டுச் சூடாக்கினோம். மேலே 82 என்று பொறித்திருக்கிறது; அந்த டிகிரி செல்சியஸில் திறக்கத் தொடங்க வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் அரைகுறையாகத் திறந்தது. "கழற்றிப் போட்டுட்டு ஓட்டலாமே மாமா" என்றான் பக்கத்து வயல் பையன். ஊரில் பாதி வண்டி அப்படித்தான் ஓடுகிறது. எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் டீசல் குடிக்கும்; சில எஞ்சின்களில் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் வழியாகவே தண்ணீர் சுற்றி, சூடு இன்னும் கூடவும் செய்யும்.

செப்டம்பர் 12
புதுத் தெர்மோஸ்டாட் போட்டாயிற்று. ரேடியேட்டர் கடையில் மேல் தொட்டியைப் பிரித்தபோது ட்யூப் வாயெல்லாம் வெள்ளைப் படிவு. போர் தண்ணீரின் வேலை. எங்கள் பக்கம் நிலத்தடி நீர் உப்பு. குறையக் குறைய அதையே ஊற்றினால் வேறென்ன ஆகும்? இனிமேல் கூலண்ட் பாதி, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் பாதி. நம் ஊரில் தண்ணீர் உறையாதே என்று கூலண்டை ஒதுக்குகிறார்கள். துரு பிடிக்காமல் காப்பதும், கொதிநிலையைச் சற்று உயர்த்துவதும் அதன் வேலைதான். மூடியின் ரப்பரும் வெடித்திருந்தது. அழுத்தம் நிற்காவிட்டால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும் என்பதால் மூடியையும் மாற்றினேன்.

செப்டம்பர் 15
முள் நடுவிலேயே நிற்கிறது. பக்கத்து வயல் வண்டிதான் இன்று மக்கர்: டேங்க் காலியாகி டீசல் குழாயில் ஏர் பிடித்துவிட்டது. டீசல் ஊற்றி, டீசல் ஃபில்டர் மேலிருக்கும் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரையில்லாமல் டீசல் வரும்வரை கை பம்பை அடித்து முடுக்கினோம். கிளம்பியதும் கரும்புகை. ஏர் ஃபில்டர் கிண்ணத்தில் எண்ணெய்க்குப் பதில் சேறு! நாளைக்குக் கழுவிவிடுவதாக அந்தப் பையன் சொன்னான். சொன்னதோடு சரி, அப்படியே உழவுக்குப் போய்விட்டான்.