பிள்ளைகளுக்கு இரண்டு கட்டை வையுங்கள்

கோலாலம்பூர் தமிழ்ப்பள்ளி மண்டபங்களில் அமெரிக்க நாட்டுப்பாட்டைக் குடும்பங்களோடு சேர்ந்து பாட நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது சுருதி. கித்தார் பிடிக்கும் ஆண்கள் பழக்கத்தில் ஒரு கட்டை சுருதியில், அதாவது சி-யில், தொடங்கிவிடுகிறார்கள். அவர்களுக்கு அது சுகம், பிள்ளைகளுக்கு ரொம்பத் தாழ்வு. ஆறேழு வயதுப் பிள்ளை அங்கே பாடாது, பேசும். இரண்டு கட்டை, அதாவது டி, வையுங்கள். ‘ஸ்கிப் டு மை லூ’ என்ற நாட்டுப்பாட்டு அதில் கீழ் நிஷாதத்திலிருந்து பஞ்சமம் வரைதான் போகும். கித்தாரில் பிடிக்கும் கோர்டும் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) இரண்டே: முதல் வரி டி, அடுத்தது ஏ7, மூன்றாவது மறுபடி டி, கடைசி வரி ஏ7-இல் தொடங்கி டி-யில் முடியும்.

பிடிலும் நடனமும் பாவம் என்று தேவாலயங்கள் கண்டித்த ஊர்களில், வாத்தியமே இல்லாமல் கைதட்டிச் சுற்றிவந்த பாட்டு அது. நம் கும்மி மாதிரி பிள்ளைகளை எழுப்பி நிறுத்தித்தான் பாட வேண்டும்.

ஒருவர் முன்பாட்டுப் பாட, மற்றவர்கள் பின்பாட்டுப் பாடும் முறைக்கு அமெரிக்கப் பாடகி எல்லா ஜென்கின்ஸின் (Ella Jenkins) இசைத்தட்டுகளைக் கேளுங்கள். சிகாகோவில் வளர்ந்தவர், 1957இல் ஃபோக்வேஸ் இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட அவருடைய முதல் இசைத்தட்டே இந்த முறையில் அமைந்தது. முன்பாட்டு நான்கு தட்டுக்கு மேல் நீளக்கூடாது. சொல்லையும் மெட்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் பின்பாட்டு சிதறிவிடும்.

பிள்ளைகள் சுற்றி நின்று பார்ப்பது தொட்டி பாஸைத்தான், அதாவது தொட்டியில் ஒற்றைக் கயிறு கட்டி மீட்டும் தாழ்சுரக் கருவியை. ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் பெரிய தகரத் தொட்டியைக் கவிழ்த்து, அடியின் நடுவில் துளையிட்டு வளைய போல்ட் மாட்டுங்கள். தகரத்தின் இரு பக்கமும் அகலமான வாஷர் வேண்டும். இல்லையென்றால் இழுக்கிற இழுப்பில் துளை கிழியும். துடைப்பக் கம்பின் அடியில் பள்ளம் வெட்டித் தொட்டியின் விளிம்பில் நிறுத்தி, புல்வெட்டும் மெஷினின் நைலான் கயிற்றைக் கம்பின் உச்சியிலிருந்து போல்ட்டுக்குக் கட்டுங்கள். கம்பு தொட்டிப் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும்போதே கயிறு விறைப்பாக இருக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: கம்பை நேராக நிறுத்திக் கட்டினால், அதற்குமேல் பின்னால் இழுக்க இடமில்லாமல் இரண்டு சுரத்தோடு நின்றுவிடும். விளிம்பின் ஒரு பக்கத்துக்குக் கீழே மரக்கட்டை வைத்தால்தான் சத்தம் வெளியே வரும். காலால் தொட்டியை அழுத்திக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் வாளி வேண்டாம், ஒலி செத்துப்போகும்.

தோல் போர்த்திய தந்திக் கருவியான பாஞ்சோ உண்டென்றால் பிளாஸ்டிக் தோல் போட்டதே நம் ஊருக்கு ஏற்றது. ஆட்டுத்தோல் இந்த ஈரக்காற்றில் தளர்ந்து ஒலி மங்கும். வெளியிலிருந்து ஏர்கோன் மண்டபத்துக்குள் கொண்டுவந்த கருவியை உடனே சுருதி சேர்க்காதீர்கள். அரை மணி நேரம் உள்ளே வைத்துவிட்டுச் சேருங்கள்.