கூலண்ட் குறைந்தால் ரேடியேட்டரையே மாற்ற வேண்டுமா?

என் காரில், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் ரிசர்வ் டேங்கில் அடிக்கடி மினிமம் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும். வண்டி நிற்கும் இடத்தில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறுவதற்குள் டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டியது. ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்தேன். ஹீட்டருக்குள் ஓடுவதும் அதே கூலண்ட்தான் என்பதால், எஞ்சின் சூட்டில் ஒரு பங்கை அது இழுத்துக்கொள்ளும். முள் மெல்ல இறங்கியது.

ஊர் திரும்பியதும் ஒரு ஒர்க்‌ஷாப்பில், "ரேடியேட்டரையே மாத்திடலாம் சார்" என்றார்கள். எங்கே ஒழுகுகிறது என்று காட்டாமல் மாற்றச் சம்மதமில்லை. வேறு மெக்கானிக்கிடம் போனேன். எஞ்சின் நன்றாக ஆறும்வரை அவர் ரேடியேட்டர் மூடியைத் தொடவில்லை. சூட்டோடு திறந்தால் கொதிக்கும் கூலண்ட் முகத்தில் பீய்ச்சும். ஆறிய பிறகு, மூடி இருந்த வாயில் கைப்பம்பை மாட்டி ஒரு பார் (அழுத்தத்தின் அலகு) அளவுக்கு அழுத்தம் ஏற்றினார். மீட்டர் முள் அசையவே இல்லை. ஹோஸ், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் எதிலும் லீக் இல்லை. அடுத்து மூடியைப் பம்பில் மாட்டினார். பாதி அழுத்தத்திலேயே புஸ்ஸென்று விட்டுவிட்டது. திருப்பிக் காட்டினார்: ரப்பர் தட்டையாகி, ஓரத்தில் மயிரிழை வெடிப்பு. "குக்கர் கேஸ்கெட் போனா விசில் வருமா சார்?"

விஷயம் அதுதான். கூலண்டும் தண்ணீரும் சரிபாதிக் கலவை திறந்த நிலையில் 107 டிகிரி வாக்கில் கொதிக்கும். மூடி ஒரு பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் 120-ஐத் தாண்டினாலும் கொதிக்காது. என் வண்டியில் மூடி முன்கூட்டியே திறந்து, மலையேற்றத்தில் கூலண்ட் ரிசர்வ் டேங்குக்குப் போய், வழிந்து ரோட்டிலேயே தீர்ந்திருக்கிறது.

புது மூடி போட்டதோடு, பழுப்பேறிய பழைய கூலண்டையும் மாற்றினோம். கலக்க டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். போர் தண்ணீர் ஊற்றினால் உள்ளே உப்பு படிந்து மெல்லிய குழாய்கள் அடைத்துக்கொள்ளும். ஹீட்டரைப் போட்டபடி எஞ்சினை ஓடவிட்டோம். சூடேறியதும் கூலண்டுக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் திறந்து, குமிழிகள் அடங்கி, ஃபேன் தானாகச் சுற்றி நின்ற பிறகுதான் மூடினார். மறுநாள் காலை லெவல் சற்று இறங்கியிருந்தது, நிரப்பினேன். உள்ளே தங்கிய காற்று வெளியேறினால் அப்படித்தான் இருக்கும்.

வடித்த கூலண்டைக் கேனில் பிடித்து மூடி வைக்கச் சொன்னேன். அது இனிக்கும் என்பதால் தெருநாய்கள் நக்கிவிடும். கொஞ்சம் போனாலும் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரை எடுத்துவிடும்.